பெயருக்கு விலை என்ன?

சங்கத்தின் சொத்துக்கள் யாவை என்று எந்த அங்கத்தினரைக் கேட்டாலும், கட்டடம், கிடங்கு, தறி, நூல் இருப்பு, பாங்கியிலுள்ள ரொக்கம் என்று வரிசையாகக் கூறிவிடுவார். ஆண்டுதோறும் ஐந்தொகையில் காணப்படுபவையும் இவையே. ஆனால் ஐந்தொகையில் ஒரு வரியேனும் பெறாத சொத்து ஒன்று இன்று பல சங்கங்களிடம் இருந்து வருகிறது. அதுவே இணையத்தில் சங்கம் பதிவு செய்து வைத்திருக்கும் பெயர். வெளியூர் வியாபாரி எந்தப் பெயரைக் கைப்பேசியில் தட்டி நமது சேலைகளையும் மஞ்சளையும் பார்வையிடுகிறாரோ, எந்தப் பெயருக்கு மின்னஞ்சல் விடுத்துச் சரக்குக் கேட்கிறாரோ, அந்தப் பெயர். கணிப்பொறித் தொழிலினர் இதனை ‘டொமைன்’ என்பர். இப்பெயர் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறும்போது அதன் விலை எவ்வாறு ஏற்படுகிறது, அவ்விலையை நம் போன்றோர் எப்படிப் பேசுதல் வேண்டும் என்பது பற்றிச் சில கருத்துக்களை அங்கத்தினர் முன் வைக்க விரும்புகிறேன். இதனை எழுதத் தூண்டியது எனது கவனப் பிசகு ஒன்று. அதனை முதலில் கூறிவிடுகிறேன்.

எனது சரகத்திலுள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, 2014ஆம் ஆண்டில் ‘டாட் காம்’ என்று முடியும் பெயர் ஒன்றைப் பெற்றது. அதனைப் பதிவு செய்து கொடுத்தவர் ஊரில் கணிப்பொறிக் கடை வைத்திருந்த ஓர் இளைஞர். அவர் தமது சொந்தப் பெயரிலும் தமது மின்னஞ்சல் முகவரியிலுமே பதிவு செய்து, ஆண்டுதோறும் ஆயிரம் ரூபாய் அளவிலான கட்டணத்தைத் தாமே செலுத்திப் பின்னர்ச் சங்கத்திடம் பெற்று வந்தார். ‘இதரச் செலவு’ என்ற தலைப்பில் அது கணக்கில் ஏறிற்று. இரண்டு ஆண்டுகள் அச்சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட்டவன் நான். வவுச்சர் இருக்கிறதா என்று பார்த்தேனேயன்றி, அது எதற்காகச் செலுத்தப்படுகிறது, யார் பெயரில் பதிவு இருக்கிறது என்று கேட்டேனில்லை. 2022ல் அவ்விளைஞர் வெளிநாட்டு வேலைக்குப் போனார். தவணை முடிவதைத் தெரிவிக்கும் கடிதங்கள் யாவும், அவர் பாராமல் விட்ட பழைய மின்னஞ்சலுக்கே போய்ச் சேர்ந்தன. ஒரு நாள் காலை, சங்கத்தின் சேலைப் படங்கள் இருந்த பக்கத்தில், ‘இப்பெயர் விற்பனைக்கு உண்டு’ என்ற அறிவிப்பும், 4,50,000 ரூபாய் என்ற விலையும் காணப்பட்டன.

பெயர் பறிபோவது எப்படி?

இணையப் பெயர் ஒருவருக்கு நிரந்தரக் கிரயமாகக் கிடைப்பதன்று. அது குத்தகையை ஒத்தது. டாட் காம் பெயரை ஒரே முறையில் அதிகமாகப் போனால் 10 ஆண்டுகளுக்குப் பதிவு செய்யலாம். பின்னர்ப் புதுப்பித்தல் வேண்டும். தவணை தப்பிய உடனே பெயர் போய்விடுவதில்லை. பதிவாளர் நிறுவனம் 45 நாட்கள் வரை பொறுத்திருக்கக்கூடும். அதற்குப் பின் 30 நாட்கள், அபராதம் செலுத்தி மீட்டுக்கொள்ளும் காலம் உண்டு. இறுதியில் 5 நாட்கள் கழிந்து, முந்தி வருபவர்க்குப் பெயர் உரியதாகிறது. இவ்வாறு தவணை தப்பும் பெயர்களுக்காகவே காத்திருந்து, இயந்திரங்களைக் கொண்டு நொடிப்பொழுதில் பதிவு செய்துகொள்ளும் வியாபாரிகள் உலகெங்கும் உளர். ஆக, நமது சங்கத்துக்கு விழித்துக்கொள்ள ஏறக்குறைய இரண்டரை மாதம் அவகாசம் இருந்தது. அதனைச் சங்கமும் அறியவில்லை. சங்கத்தை மேற்பார்த்த நானும் அறியவில்லை.

தலைவரவர்கள் பதற்றத்தில் அன்றிரவே அந்த விற்பனையாளருக்கு எழுதிவிட்டார்: ‘இது எங்கள் சங்கத்தின் பெயர், எங்கள் பெட்டிகளிலும் லேபில்களிலும் அச்சாகி இருக்கிறது, ஏற்றுமதியாளர்கள் இம்முகவரிக்கே எழுதுகின்றனர், இல்லாவிடில் எங்கள் வியாபாரம் நின்றுவிடும், தயைகூர்ந்து கடைசி விலையைச் சொல்லுங்கள்.’ நல்ல மனத்தோடு எழுதப்பட்ட கடிதந்தான். மறுநாள் வந்த பதிலில் விலை 6,00,000 ரூபாயாக ஏறியிருந்தது. சந்தைக்குச் செல்பவன், ‘இந்த மாடு இல்லாவிடில் என் ஏர் நின்றுவிடும்’ என்று தரகனிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் நேர்வது யாதோ, அதுவே இங்கும் நேர்ந்தது.

விலை ஏற்படும் விதம்

ஆயிரம் ரூபாய்க் கட்டணத்துக்குப் பதிவாகும் பெயருக்கு இலட்சக்கணக்கில் விலை கேட்பது எங்ஙனம் என்று அங்கத்தினர் வினவலாம். டாட் காம் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம் பதிவாளர்களிடம் பெறும் ஆண்டுக் கட்டணம் 2024 செப்டம்பரில் 10 டாலர் 26 சென்ட்டாக உயர்ந்தது. எந்தப் பெயராயினும் அடக்க விலை இவ்வளவே. எனினும் ஒரு பெயர் உலகில் ஒருவரிடந்தான் இருக்க முடியும். ஆதலின், அடக்க விலைக்கும் விற்கும் விலைக்கும் தொடர்பே இல்லாமற் போகிறது.

‘பிசினஸ் டாட் காம்’ என்ற பெயர் 1997ல் 1,50,000 டாலருக்கும், 1999ல் 75 இலட்சம் டாலருக்கும் விற்றது. ‘வாய்ஸ் டாட் காம்’ என்ற பெயர் 2019ல் 3 கோடி டாலருக்கு விற்றது. பெயர் வியாபாரிகள் எப்போதும் எடுத்துக் காட்டுவன இவ்விதமான உதாரணங்களையே. இவற்றைக் கேட்டு நாம் மயங்குதல் கூடாது. அவை ஆங்கிலத்தில் யாவரும் அறிந்த ஒற்றைச் சொற்கள். அவற்றை விரும்பி வாங்கக்கூடிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. எழுத்துக் குறைவும், ஒருமுறை காதால் கேட்டவர் பிழையின்றி எழுதக்கூடிய எளிமையும், எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் பொதுமையும் சேர்ந்தே அவ்விலையைத் தந்தன.

நமது சங்கத்தின் பெயரோ ஊர்ப் பெயரும், நெசவாளர் என்ற சொல்லும், கூட்டுறவு என்ற சொல்லும் சேர்ந்த நீண்ட தொடர். அதை வாங்கக்கூடியவர் உலகில் ஒருவரே, அவர் நாமே. இந்த உண்மையின் இரு பக்கங்களையும் கவனிக்க வேண்டும். விற்பவர் நம் தேவையை மட்டுமே கொண்டு விலை கேட்கிறார் என்பது ஒரு பக்கம். நாம் வேண்டாம் என்று திரும்பிவிட்டால், அவர் கையிலிருப்பது ஆண்டுதோறும் கட்டணம் விழுங்கும் வெறும் பதிவு என்பது மறு பக்கம். முதற்பக்கத்தை மட்டும் பார்த்தவர் அஞ்சி வாங்குவார். இரண்டையும் பார்த்தவர் பேசி வாங்குவார்.

எனவே நிர்வாகக் குழுவைக் கூட்டி, அப்பெயரைக் கைவிட்டால் நமக்கு ஆகும் செலவு யாது என்று கணக்கிட்டோம். லேபில், பெட்டிகள் மறுபடி அச்சிட 18,000 ரூபாய். பில் புத்தகம், பெயர்ப்பலகை முதலியவற்றுக்கு 9,000. வாடிக்கையாளர்களுக்குத் தெரிவிக்க 5,000. புதிய பக்கம் அமைக்க 12,000. பழைய முகவரியை நம்பி வந்து திரும்பிப் போகும் வியாபாரத்தால் வரக்கூடிய இலாப நஷ்டம் உத்தேசமாக 26,000. ஆக மொத்தம் 70,000 ரூபாய். இதற்கு மேல் கொடுத்து அப்பெயரை வாங்குவது அங்கத்தினர் பணத்தை வீணாக்குவதாகும் என்பது தெளிவாயிற்று. அறுபதினாயிரத்துக்கு மேற்படாமல் முடிப்பது என்று தீர்மானம் நிறைவேற்றி, அத்தொகையை வெளியே எவரும் உரைக்கலாகாது என்றும், இனிக் காரியதரிசி ஒருவரே கடிதம் எழுதுவது என்றும் முடிவு செய்தோம்.

காரியதரிசி 20,000 ரூபாய் தருவதாக எழுதினார். விற்பவர் 3,00,000க்கு இறங்கி வந்தார். அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை. அன்றே ‘டாட் இன்’ என்று முடியும் பெயர் ஒன்றைச் சங்கத்தின் பெயரிலேயே பதிவு செய்து, இருப்பிலிருந்த லேபில்களில் புதிய முகவரியை முத்திரை குத்தினோம். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் தெரிவித்தோம்; பழைய முகவரியிலிருந்து எவரேனும் நம் பெயரால் பணம் கேட்டால் அனுப்பலாகாது என்றும் எச்சரித்தோம். இவ்வெச்சரிக்கை மிக முக்கியமானது. பெயரைக் கைப்பற்றியவர் நினைத்தால் அம்முகவரிக்கு வரும் அஞ்சலையெல்லாம் தாமே பெறக்கூடும். ஏழு மாதங் கழித்து அந்த விற்பனையாளரே எழுதினார், 75,000 கேட்டார். நாற்பத்தையாயிரம் என்றோம். 52,000 ரூபாய்க்கு முடிந்தது. ஆயிரம் ரூபாயை உரிய நாளில் செலுத்தியிருந்தால் நேர்ந்திராத செலவு இது. எத்தனை தறிகளின் எத்தனை நாட் கூலி என்பதை அங்கத்தினரே கணக்கிட்டுக் கொள்ளலாம். மகாசபையில் ஒரு முதிய நெசவாளி எழுந்து, ‘இன்ஸ்பெக்டர் ஐயா நூல் எடையில் அரைக் கிலோ குறைந்தால் விடமாட்டீர்கள், இதை எப்படி விட்டீர்கள்?’ என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

சட்டம் துணை நிற்காதா?

இவ்விஷயத்தில் எனது சக ஊழியர் சிலருடைய அபிப்பிராயம் வேறு. பிறர் பெயரைப் பிடித்து வைத்துப் பணம் கேட்பது வழிப்பறியே. அதற்கு ஒரு காசும் தரலாகாது. வழக்குத் தொடர்வதே முறை என்பர். அவர்களது கோபம் நியாயமானதே. ஆயினும் சட்டம் கூறுவதை முழுதும் அறிந்து பேசுதல் நலம்.

இணையப் பெயர்களுக்கும் வாணிபச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்று 2004ல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் நமது சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துள்ளது. டாட் காம் போன்ற பெயர்களுக்கு, ஐக்கான் அமைப்பு 1999ல் வகுத்த விதிப்படி ஜெனீவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு முதலியவற்றிடம் முறையிடலாம். டாட் இன் பெயர்களுக்கு நிக்ஸி நிறுவனத்தின் கீழ் இதைப் போன்றதொரு மத்தியஸ்த முறை இருக்கிறது. ஐக்கான் விதிப்படி முறையிடுபவர் மூன்று விஷயங்களை ருசுப்படுத்த வேண்டும்: அப்பெயர் தமது வாணிபச் சின்னத்தை ஒத்திருக்கிறது; வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை; கெட்ட எண்ணத்தோடு அவர் அதைப் பதிவு செய்து பயன்படுத்துகிறார். சின்னத்துக்கு உரியவரிடமே அதிக விலைக்கு விற்கும் பொருட்டுப் பதிவு செய்தமை கெட்ட எண்ணத்துக்குச் சான்றாகும். ஆயின், பெயரை விற்பனைக்கு வைத்திருப்பது மட்டுமே குற்றமாகாது. ஜெனீவாவில் ஒரே மத்தியஸ்தர் விசாரிக்க விதித்துள்ள கட்டணம் 1,500 டாலர். அதாவது வக்கீல் பீஸ் நீங்கலாக ஒன்றேகால் இலட்சம் ரூபாய்க்கு மேல். ஜெயித்தாலும் செலவுத் தொகை திரும்பக் கிடைப்பதில்லை. நம் சங்கம் தன் பெயரை வாணிபச் சின்னமாகப் பதிவு செய்திருக்கவும் இல்லை.

ஊர்ப் பெயரை நம்பி வாழும் நம்மவர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். பிரான்சு நாட்டு ஷாம்பேன் மது உற்பத்தியாளர் சங்கம், ‘ஷாம்பேன் டாட் கோ’ என்ற பெயருக்காக 2011ல் ஜெனீவாவில் முறையிட்டது. புவிசார் குறியீடு வேறு, வாணிபச் சின்னம் வேறு என்ற காரணத்தால் அம்முறையீடு நிராகரிக்கப்பட்டது. பார்சிலோனா நகரசபை ‘பார்சிலோனா டாட் காம்’ என்ற பெயரை 2000ல் மத்தியஸ்தரிடம் வென்றது. ஆனால் 2003ல் அமெரிக்க மேல்முறையீட்டுக் கோர்ட்டு, ஊர்ப் பெயரைச் சின்னமாக உரிமை கொண்டாட முடியாது என்று அதனைப் பழைய உடைமையாளர் பக்கமே தீர்த்தது. காஞ்சிபுரம் பட்டுக்கும், பவானி ஜமக்காளத்துக்கும், 2019ல் ஈரோடு மஞ்சளுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது பெருமைக்குரியது. ஆனால் அக்குறியீடு ஒன்றைக் கொண்டே இணையப் பெயரை மீட்டுவிடலாம் என்று எண்ணியிருத்தல் தகாது.

ஆகையால் எனது கருத்து இது: நம் சின்னத்தைக் குறிவைத்தே ஒருவர் பெயரைப் பிடித்திருந்து, அதற்குச் சான்றும் இருந்து, தொகையும் பெரிதாயின், வழக்காடுதல் தகும். நமது அஜாக்கிரதையால் நழுவிய பெயருக்கு, கணக்கிட்ட எல்லைக்குள் பேசி முடிப்பதே அங்கத்தினர்க்கு இலாபம். எல்லை கடந்தால் திரும்பி நடக்கத் துணிதல் வேண்டும். கோபத்தாலும் அச்சத்தாலும் செலவிடப்படுவது அங்கத்தினரின் பணமே.

நாம் விற்பவராயின்

இதற்கு மாறான நிலையும் வருவதுண்டு. விவசாயிகள் விற்பனைச் சங்கம் ஒன்று, ஒரு விளைபொருளின் பெயரும் ‘சந்தை’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லும் சேர்ந்த பெயர் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பயனின்றி வைத்திருந்தது. அதற்கு 15,000 ரூபாய் தருவதாக ஒருவர் எழுதினார். ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்குப் பதினைந்து மடங்கா என்று காரியதரிசி மகிழ்ந்து உடனே சம்மதிக்க இருந்தார். அவரைச் சற்றுப் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டேன். கேட்டு வந்தவர் யார், அவர் தொழில் என்ன என்று விசாரித்தோம். அதனை யொத்த பெயர்கள் முன்னர் விற்ற விலைகளை, அவற்றைத் தொகுத்து வெளியிடும் நேம்பயோ போன்ற பட்டியல்களிற் பார்த்தோம். அப்பெயரை விரும்பக்கூடிய வியாபாரிகள் நாட்டில் பலர் இருப்பதும் தெரிந்தது. குழுவின் தீர்மானத்தோடு 1,50,000 ரூபாய் என்று பதில் எழுதி, காரணங்களையும் இரண்டு வரியில் சேர்த்தோம். ஒரு மாதப் பேச்சுக்குப் பின் 90,000 ரூபாய்க்கு விற்றது. அத்தொகை மகாசபையில் தெரிவிக்கப்பட்டுக் கணக்கில் வந்தது. காரியதரிசி தனியே பேசித் தனியே முடித்திருந்தால், பதினைந்தாயிரத்துக்கு விற்றதோடு, அவர் மீது சந்தேகமும் எஞ்சியிருக்கும்.

இதைக் கேட்டுப் பெயர் வியாபாரமே நல்ல தொழில் என்று எந்தச் சங்கமும் இறங்கிவிடலாகாது. இருபது பெயர்களைப் பதிவு செய்தால் இருபதுக்கும் ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு வாங்குவார் வருவதே இல்லை. விற்றவற்றை ஊர் பேசும். விலைபோகாதவற்றை எவரும் பேசார். பிறர் தொழிற்பெயரைப் பிடித்து வைத்துப் பணம் பண்ணுவது நமது கொள்கைக்கும் அடுக்காது. நமக்கு வந்த துன்பத்தை மற்றொரு சங்கத்துக்கு நாமே விளைவிப்பதாக முடியும்.

மோசடிகள் இரண்டையும் சொல்லிவைக்கிறேன். பெயரைப் பெரிய விலைக்கு வாங்குவதாக எழுதி, அதற்குமுன் குறிப்பிட்டதோர் இடத்தில் பணங்கட்டி மதிப்பீட்டுச் சான்று பெற்று வரச் சொல்வார் சிலர். சான்றுக்குக் கட்டிய பணத்தோடு வாங்குபவரும் மறைந்துவிடுவார். அயல் நாட்டில் ஒருவர் உங்கள் பெயரைப் பதிவு செய்ய முயல்கிறார், உடனே எங்களிடம் பணங்கட்டிக் காத்துக்கொள்ளுங்கள் என்று அச்சுறுத்துவார் வேறு சிலர். இவ்விருவருக்கும் பதில் எழுதுவதே வேண்டாம்.

பணம் கொடுப்பதிலும் வாங்குவதிலும் முன்பின் அறியாதவரை நம்பி முன்னதாக அனுப்புதல் கூடாது. இரு தரப்புக்கும் நடுவே பணத்தை வைத்திருந்து, பெயர் மாற்றப்பட்டது உறுதியான பின் விற்பவருக்கு வழங்கும் ‘எஸ்க்ரோ’ என்னும் நடுவர் முறை உண்டு. அதன் கட்டணத்தை யார் ஏற்பது என்பதையும் விலை பேசும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். பெயர் வந்து சேர்ந்தவுடன், பதிவு சங்கத்தின் பெயரில் இருக்கிறதா என்று அன்றே சரிபார்த்தல் அவசியம்.

அங்கத்தினர் செய்யத்தக்கது

அடுத்த மகாசபையில் ஒவ்வோர் அங்கத்தினரும் மூன்று கேள்விகளைக் கேட்பாராக: நமது இணையப் பெயர் யார் பெயரில் பதிவாகி இருக்கிறது? தவணை முடியும் நாள் எது? நினைவூட்டுக் கடிதம் எந்த முகவரிக்கு வருகிறது? இவற்றுக்கு விடை சொல்ல இயலாத சங்கம், பட்டா வேறொருவர் பெயரில் இருக்கும் நிலத்தில் கிடங்கு கட்டியிருப்பதற்கு ஒப்பாகும். பதிவு சங்கத்தின் பெயரில், சங்கத்தின் பொது மின்னஞ்சலில், பல ஆண்டுகளுக்குச் சேர்த்துச் செய்யப்படுதல் வேண்டும். தவணை நாளைச் சொத்துப் பதிவேட்டில் எழுதுதல் வேண்டும். முக்கியமான பெயரை வாணிபச் சின்னமாகவும் பதிவு செய்துகொள்ளுதல் நலம். கூட்டுறவு நிறுவனங்களுக்கென்றே 2002 முதல் வழங்கப்பட்டு வரும் ‘டாட் கூப்’ என்னும் முடிவும் உண்டு. கூட்டுறவு அல்லாதார் அதைப் பெற இயலாதாகையால், பெயர் வியாபாரிகளின் தொல்லை அதில் மிகக் குறைவு. ஏற்றுமதி செய்யும் சங்கங்கள் அதனையும் ஆலோசிக்கலாம்.

நான் இப்போது பார்வையிடும் ஒவ்வொரு சங்கத்திலும், ரொக்கத்தை எண்ணிய பின் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டு விடைகளைக் குறிப்பில் எழுதுகிறேன். முதல் மாதத்திலேயே, பதிவு தனியார் பெயரில் இருந்த சங்கங்கள் இரண்டு கண்டுபிடிக்கப்பட்டு, செலவின்றி மாற்றப்பட்டன. ஒன்றில் தவணை முடிய 11 நாட்களே இருந்தன. மற்றச் சரகங்களிலும் இவ்வாறு கேட்கப்பட வேண்டும்; இன்ஸ்பெக்டர் கேளாவிடில் அங்கத்தினரே கேட்க வேண்டும்.